துணிமேல் பூசிய வைத்தியம்

திருப்பூரில் பனியன் வியாபாரம் மந்தமாகும் பருவங்களிலெல்லாம், நூல் விலை ஒரு பக்கம் ஏற, வெளிநாட்டு பையர் மறுபக்கம் விலையைக் குறைக்கச் சொல்ல, வங்காளதேசமும் வியட்நாமும் ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகின்றனவே என்று கம்பெனிக்காரர்கள் கவலையுறும் வேளைகளிலெல்லாம், கருத்தரங்க மேடைகளில் ஒரே அபிப்பிராயம் ஏகோபித்த குரலில் ஒலிப்பதைக் கேட்டு வருகிறோம். பனியன் துணியின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. இனி மருத்துவத் துணியே கதி. அதிலும் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானையோ, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட்டையோ நம் பின்னல் துணிமீது ஏற்றிவிட்டால் புண்ணை ஆற்றும் துணி ஒன்று பிறந்துவிடும். பழைய காஸ் துணியை இனி ஒருவரும் தொடமாட்டார்கள். கிலோக் கணக்கில் விற்ற சரக்கை அங்குலக் கணக்கில் விற்கலாம் என்பதே அதன் சாரம். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு 1,480 கோடி ரூபாய்க்குத் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தபின் இந்தக் குரலுக்கு உரமும் கூடியிருக்கிறது. இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதையும், திருப்பூர் உண்மையிலேயே செய்யக்கூடிய ஒரு காரியத்தை அது கண்ணில் படாமல் மறைக்கிறது என்பதையும் காட்டவே இதை எழுதுகிறேன்.

பூர்வபட்சத்தை அதன் முழுப் பலத்தோடு நிறுத்திவிட்டுப் பிறகு மறுப்பதே நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள் கைக்கொண்ட முறை. ஆகவே ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புண் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1962ஆம் ஆண்டு ஜார்ஜ் விண்டர் என்னும் ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப்படத் திறந்துவிட்டு, சிலவற்றைப் பாலிதீன் ஏட்டால் மூடிவைத்து, மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவாகப் படர்வதைக் கண்டார். ஈரம் புண்ணுக்குப் பகையன்று என்பது அன்று முதல் வைத்திய உலகில் மெல்ல மெல்ல நிலைபெற்றது. அந்த ஈரத்தைக் காப்பதில் கடற்பாசிச் சரக்குக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. கால்சியம் அல்ஜினேட் இழை புண்ணின் நீரைத் தொட்டதும், நீரிலுள்ள சோடியம் உள்ளே புக, இழையிலுள்ள கால்சியம் வெளியேற, இழை குழைந்து கூழாகிப் புண்ணின்மேல் படிந்து, எடுக்கும்போது சதையைப் பிய்க்காமல் வந்துவிடுகிறது. காய்ந்து ஒட்டிய காஸ் துணியைச் சர்க்கரைப் புண்ணிலிருந்து உரித்தெடுக்கும் நேரத்தில் நோயாளி படும் வேதனையைப் பார்த்த எவரும் இக்குணத்தை அற்பமென்று சொல்லமாட்டார். கைட்டோசானோ நேர்மின்னேற்றம் உடையதாகையால் எதிர்மின்னேற்றமுள்ள ரத்த அணுக்களை இழுத்துத் திரளச் செய்து ரத்தப்போக்கை நிறுத்துகிறது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெம்கான் கட்டு போர்முனைக்குப் போனதும், நம் நாட்டிலேயே ஆக்ஸியோ பயோசொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் ஆக்ஸியோஸ்டாட் என்ற கைட்டோசான் கட்டைச் செய்து விற்பதும் வெறுங்கதைகள் அல்ல.

ஆயினும் இந்த உண்மைகளைக் காட்டி மேடையில் வைக்கப்படும் யோசனையோ வேறொன்று. அல்ஜினேட் கட்டில் அல்ஜினேட் பூச்சாக இருப்பதில்லை, கட்டின் இழையே அல்ஜினேட். சோடியம் அல்ஜினேட் கரைசலைச் சன்னத் துளைகளின் வழியே கால்சியம் குளோரைடு நீருக்குள் பீய்ச்சி இழையாக்கி, அவ்விழைகளையே ஒன்றாகப் படியவைத்துச் செய்வது அது. ஹெம்கானும் ஆக்ஸியோஸ்டாட்டும் கைட்டோசானையே உடலாகக் கொண்டவை, கைட்டோசான் தடவிய துணிகள் அல்ல. நம்மவர்கள் சொல்லும் மார்க்கமோ, கைட்டோசானை நூற்றுக்கு ஒன்று இரண்டு வீதம் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, துணியை அதில் தோய்த்து, பேடிங் உருளைகளுக்கிடையே பிழிந்து, ஸ்டென்டரில் உலர்த்தி எடுப்பது. துணி தன் எடைக்கு எடை கரைசலைக் குடித்தாலும் 100 கிராம் துணியின்மேல் தங்குவது ஒன்றிரண்டு கிராமே. மிச்சமெல்லாம் நேற்றைய பனியன் துணிதான். வேப்பங்கட்டைக்குச் சந்தனம் பூசிச் சந்தன மரமென்று விற்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

அல்ஜினேட் திருப்பூருக்குப் புதிய வஸ்துவும் அன்று. ரியாக்டிவ் சாயத்தில் பிரிண்டிங் செய்யும் பட்டறைகளில் சாயத்தைக் குழம்பாக்கி, துணியில் பரவிக் கலங்காமல் நிறுத்துவதற்காகக் கலக்கும் பொடி சோடியம் அல்ஜினேட்தான். மாவுப்பசையைப் போட்டால் அது துணிக்குப் போகவேண்டிய சாயத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், அல்ஜினேட்டோ சாயத்தோடு சேராமல் ஒதுங்கி நிற்கும் என்ற காரணத்தால். மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் கரைகளில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்துவந்து மணலில் காயவைக்கும் கட்டக்கோரைப் பாசியிலும் இருப்பது அதே சரக்குதான். ஆனால் பிரிண்டிங் பட்டறைக்குப் போதுமான தூய்மை புண்ணுக்குப் போதாது. கன உலோகங்களும், கிருமிகள் செத்தபின் அவற்றின் உடலிலிருந்து கழன்று நிற்கும் நச்சும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், பறித்த பருவத்துக்குப் பருவம் மாறும் அதன் மூலக்கூறு அமைப்பும் அளந்து தெரிந்திருக்க வேண்டும். இடையே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1940களில் இங்கிலாந்தில், லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸ்பீக்மன் முதலியோரின் ஆராய்ச்சியால் அல்ஜினேட் நூல் உருவானபோது, அதற்கு நிலையான வேலை கொடுத்தது காலுறை பின்னும் தொழில். தொடர்ச்சியாகப் பின்னப்பட்டு வரும் காலுறைகளுக்கு இடையே ஓர் அல்ஜினேட் நூலை ஓடவிட்டு, பிறகு சோப்பும் சோடாவும் கலந்த நீரில் அலசினால் அந்நூல் கரைந்துபோய்க் காலுறைகள் தனித்தனியே பிரிந்து விழும். பின்னல் தொழிலில் அந்த நூல் பெற்ற மதிப்பு, இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும் அதன் குணத்துக்காகவே.

பூச்சுக்காரர்கள் கையில் எப்போதும் ஒரு சான்றிதழ் இருக்கும்: துணியின்மேல் விட்ட கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தன என்று. அந்தச் சோதனை பொய்யன்று. ஆனால் அது நடப்பது கண்ணாடித் தட்டில், ஒரே இனக் கிருமியைக் கொண்டு, ரத்தமும் சீழும் இல்லாத சுத்த சூழ்நிலையில். கைட்டோசானின் மின்னேற்றம் கிருமியைத் தேடிப் போவதில்லை. முன்னால் வந்த எதிர்மின்னேற்றப் பொருள் எதுவானாலும் பற்றிக்கொள்ளும். புண்ணின் நீரிலோ அத்தகைய புரதங்களுக்குப் பஞ்சமே இல்லை. அதற்கு மேல், புண்ணின் நீர் பெரும்பாலும் நடுநிலையானது அல்லது சற்றே காரமானது. அங்கே கைட்டோசான் அமிலத்தில் காட்டிய வீரியத்தைக் காட்டுவதில்லை. வியர்வை நாற்றம் பிடிக்காத பனியன் செய்ய இச்சான்றிதழ் போதும். புண் ஆறும் என்பதற்கு இதைச் சாட்சியாக நிறுத்துவது நியாயமாகாது.

இனிச் சொல்லப்போவது கம்பெனிக்காரர்களுக்கு மனவருத்தம் தரலாம். நல்ல பனியன் துணிக்கு எவை லட்சணங்களோ, அவையே மருத்துவத் துணிக்குத் தோஷங்கள். காதர்பேட்டைக் கடைகளில் கண்ணைப் பறிக்கும் அந்த நீலம் பாய்ந்த வெண்மை, ப்ளீச்சிங்கின்போது சேர்க்கும் ஒளிரும் வெண்மையூட்டியால் வருவது. புற ஊதா விளக்கின்கீழ் அத்துணியை விரித்தால் நிலவு காய்வதுபோல் நீலமாய் ஜொலிக்கும். மருந்துநூல் விதிகளோ உறிஞ்சு பஞ்சையும் காஸ் துணியையும் அதே விளக்கின்கீழ் வைத்துப் பார்த்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓரிரு இழைகளைத் தவிர வேறெதுவும் நீலமாக ஒளிரக்கூடாது என்கின்றன. வாங்குபவர் விரலால் தடவிப் பார்த்து மெச்சும் அந்த வழுவழுப்பு சிலிக்கான் சாஃப்டனர் தந்தது. அதே சாஃப்டனர் தண்ணீரைத் தள்ளும். உறிஞ்சு பஞ்சை நீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது சோதனை. சாஃப்டனர் ஏற்றிய துணித் துண்டு நெடுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அவ்வூர்த் துணி முரடு, அழகற்றது, மங்கலான வெள்ளை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எஃப்-2 அட்டவணை இத்தனை இழை என்று கேட்டால் அத்தனை இழை அதில் இருக்கிறது, தண்ணீரில் போட்டால் மூழ்குகிறது. சத்திரப்பட்டியை மேடைகளில் ஒருவரும் புகழ்வதில்லை. பருத்தியும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்துண்டான பாலிசாக்கரைடுதான் என்பதும், நீராவியில் வேகவைத்துச் சுத்தி செய்தாலும் கெடாத உறுதி அதற்கு உண்டு என்பதும், கைட்டோசானும் அல்ஜினேட்டும் காமா கதிரில் கிருமி நீக்கம் செய்யும்போது சங்கிலி அறுந்து பலமிழப்பவை என்பதும் மேடைகளில் சொல்லப்படுவதில்லை.

மருத்துவத் துணி என்றால் என்ன என்பதைத் திருப்பூர் ஒருமுறை நேரிலேயே கற்றது. 2020இல் கொரோனா பரவியபோது, ஊரடங்கில் கதவடைத்த கம்பெனிகள் பலவும் முகக்கவசத்துக்கும் முழு உடல் கவச உடைக்கும் மாறின. அன்று உடைகளைச் சோதித்துச் சான்றளித்தது 1956இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூரின் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், அதாவது சிட்ரா. செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்தினால் மறுபுறம் கசியக்கூடாது என்பது அங்கே வைத்த சோதனை. துணி தேறினாலும் தையல் தேறாது. பவர் டேபிளில் ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு துளை. அந்தத் துளைகளின்மேல் சூட்டில் ஒட்டும் டேப்பை ஓட்டிய பிறகே உடைக்குக் கவசத்தின் குணம் வந்தது. ஆபத்துக் காலத்தில் இவ்வளவு விரைவாக இதைக் கற்றுக்கொண்ட ஊர், இப்போது ஒரு பூச்சை நம்பி மருத்துவத் துணி செய்யலாம் என்ற உபதேசத்துக்குத் தலையாட்டுவதுதான் எனக்கு விளங்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் வேறு இருக்கின்றன. அவற்றின்படி உரிமம் வாங்கப் போனால், துணியின் ஜிஎஸ்எம்மை, அதாவது சதுர மீட்டர் எடையை, கேட்டவுடன் விட்டுவிட மாட்டார்கள்.

இவையெல்லாம் செய்முறைத் தடைகள். பணமும் பொறுமையும் இருந்தால் வெல்லலாம் என்று எதிர்த்தரப்பார் கூறலாம். வென்றதாகவே வைத்துக்கொள்வோம். உண்மையான, தூய, உரிமம் பெற்ற அல்ஜினேட் கட்டே திருப்பூரில் தயாராகிறது என்றே கொள்வோம். அது புண்ணை ஆற்றுமா? சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணில் அல்ஜினேட் கட்டுகளைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் காக்ரேன் அமைப்பினர் வெளியிட்ட முடிவு, மற்றக் கட்டுகளைவிட அது அதிகமாக ஆற்றுகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்பது. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழு 2023இல் தந்த வழிகாட்டி இன்னும் கறாராக, புண்ணை ஆற்றும் நோக்கத்தோடு அல்ஜினேட் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நீரை உறிஞ்சவும் ஈரத்தைக் காக்கவும் ஏதேனும் ஒரு கட்டு போதும் என்பதே அவர்களின் கருத்து. பூச்சு ஏற்றிய வலைத்துணி ஒன்று ஜெயித்ததும் உண்டு, அதை மறைப்பது தர்மமாகாது: சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் ஏற்றிய கட்டு. ஆனால் 2018இல் வெளியான அதன் நிரூபணத்துக்கு ஐரோப்பாவில் 43 மருத்துவமனைகளும் 240 நோயாளிகளும் வேண்டியிருந்தன. மருந்துள்ள கட்டும் அதேபோன்ற மருந்தில்லாக் கட்டும் நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாமல் பிரித்துப் போடப்பட்டன. 20 வாரத்தில் மருந்துள்ள பக்கம் நூற்றுக்கு 48 புண்களும் மருந்தில்லாப் பக்கம் 30 புண்களும் மூடின. பூச்சு வேலை செய்கிறது என்று சொல்வதற்கு உலகம் கேட்கும் விலை அது. கண்ணாடித் தட்டில் செத்த கிருமிகளைக் காட்டி அந்த விலையைத் தள்ளுபடி செய்ய முடியாது.

புண்ணுக்குள் போடும் வஸ்துவைவிடப் புண்ணைச் சுற்றி நடக்கும் காரியமே பெரிது என்பதைத் தமிழ்நாடு உலகத்துக்குச் சொன்னது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் உள்ளங்கால் புண் ஆறாததற்குக் காரணம் அவர்களுடைய சதையின் கேடு என்று எல்லாரும் எண்ணியிருந்த வேளையில், அச்சதை மற்றவர் சதையைப் போலவே ஆறக்கூடியது, வலி தெரியாமையால் அதே இடத்தை ஊன்றி ஊன்றி நடப்பதுதான் புண்ணை ஆறவொட்டாமல் அடிக்கிறது என்று கண்டார். மாவுக்கட்டு போட்டுப் பாதத்தின் பாரத்தைப் பரத்தினார். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் கட்டுக்குள்ளேயே ஆறின. அந்த வழியே பின்னர் சர்க்கரைப் புண்ணுக்கும் தலைசிறந்த சிகிச்சையாயிற்று. பம்பாயில் டாக்டர் கேஸ்வானி தீப்புண்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டிக் கட்டியதும், நம் ஊர்களில் தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்துவதும் இவ்வகையிலேயே பலித்தன. அவற்றில் மருந்து இருந்ததால் அல்ல, புண்ணில் ஒட்டாமல் ஈரத்தைக் காத்ததால்.

அப்படியானால் பின்னல் துணிக்குப் புண் சிகிச்சையில் இடமே இல்லையா? இருக்கிறது, பூச்சில் அல்ல, பின்னலில் இருக்கிறது. செக்கிங் மேஜையருகே காலை முதல் இரவு வரை நின்று பீஸ் புரட்டும் பெண்கள், அயர்னிங் மாஸ்டர்கள், கட்டிங் மாஸ்டர்கள், இவர்களில் பலர் நாற்பது வயதைத் தாண்டியதும் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்பதையும், கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்துத் தடித்து, ஒரு சிராய்ப்பில் புண்ணாகி, அப்புண் மாதக்கணக்கில் நீர் வடிவதையும் திருப்பூரில் காணாதவர் யார்? காலின் சிரைகளில் ரத்தம் மேலேறாமல் தேங்கி நிற்பதால் வரும் இந்தப் புண்ணுக்கு மேலே என்ன தடவினாலும், தேக்கம் தீராதவரை ஆறாது. தேக்கத்தைத் தீர்ப்பது இறுக்கம். கணுக்காலில் பாதரச அளவில் 40 மில்லிமீட்டர், மேலே போகப்போகக் குறைய வேண்டும். லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் வகுத்த நான்கடுக்குக் கட்டு இந்த முறையை நிலைநாட்டியது. 2014இல் வெளியான வீனஸ்-4 என்ற பெரிய ஆய்வு, அந்நான்கடுக்குக் கட்டுக்கு இரட்டைக் காலுறை எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்று காட்டியது. கட்டுப் போட்டவர்களின் புண் ஆற இடைநிலையாக 98 நாள், காலுறை அணிந்தவர்களுக்கு 99 நாள். இங்கே ஆற்றியது ரசாயனம் அல்ல. நூலின் இழுவிசை, காலின் சுற்றளவு, அடுக்கின் எண்ணிக்கை என்ற மூன்றும் சேர்ந்த கணக்குதான் ஆற்றியது. ஒரே இழுவிசையோடு சுற்றினாலும் மெலிந்த கணுக்காலில் அழுத்தம் கூடியும் பருத்த கெண்டையில் குறைந்தும் விழும். லூப்பின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து ஜிஎஸ்எம் பிடிக்கும் நிட்டிங் மாஸ்டருக்கு இந்தக் கணக்கு அந்நியமானதா?

வேறு இடமும் உண்டு. மாவுக்கட்டின்கீழ் முதல் அடுக்காகக் காலில் ஏற்றும் ஸ்டாக்கினெட் என்பது பூச்சோ சாயமோ இல்லாத பருத்திப் பின்னல் குழல், பனியன் துணிக்கு உடன்பிறப்பு. அறுவை சிகிச்சையில் ரத்தத்தை நிறுத்தப் பயன்படும் சர்ஜிசெல் என்ற புகழ்பெற்ற வஸ்துவே, ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸ் இழையைப் பின்னிய துணிதான். ஆனால் அது உடலுக்குள் கரையும் சரக்கு. அதன் விதிகள் கடுமையிலும் கடுமை. அங்கே போய்த் தொடங்கச் சொல்ல நான் துணியமாட்டேன்.

இறுக்கக் காலுறை பழைய சரக்கு, அதில் காப்புரிமை கிடைக்காது, ஆராய்ச்சி மானியமும் வராது என்பார்கள். வட்டக்கழுத்து பனியனுக்கும் காப்புரிமை இல்லை. அதை வைத்துத்தான் ஊர் எழுந்தது. பெரிய விட்டமுள்ள மெஷின்கள்தானே நம்மிடம் அதிகம், காலுறைக்குச் சிறு விட்டம் வேண்டுமே என்றால், அந்த ஆட்சேபம் உண்மை. மெஷின் வாங்கித்தான் ஆகவேண்டும். எலாஸ்டிக் தறிகளும் ரப்பர் இழைக்கு நூல் சுற்றும் அனுபவமும் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன என்பதால் பாதி தூரம் கடந்தாயிற்று. தமனி அடைபட்ட காலில் இதைப் போட்டால் கால் போய்விடாதா என்று வைத்தியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பாராமல் எவருக்கும் இதை மாட்டக்கூடாது, ஆகையால் இது கடையில் தொங்கவிட்டு விற்கும் சரக்காக இருக்கவும் கூடாது.

நான் மதிக்கும் ஆட்சேபம் ஒன்றே ஒன்று: சித்திரை வெயிலில் இதை யார் அணிவார்கள்? குளிர் நாட்டுக்காகச் செய்த கனத்த நைலான் காலுறையை நம்மூர்ப் பெண் காலையில் மாட்டி மதியம் கழற்றி வைத்துவிடுகிறாள். கழற்றி வைத்த காலுறை எந்தப் புண்ணையும் ஆற்றாது. பருத்தி நூல் சுற்றிய லைக்ரா இழையை இடையோட்டமாகக் கொடுத்துப் பின்னலாமா, விரல்கள் வெளியே தெரியத் திறந்துவிடலாமா, முதுகு வளையாத கிழவி தானே மாட்டிக்கொள்ளும்படி பாதி இறுக்கமுள்ள இரண்டு மெல்லிய உறைகளாகப் பிரிக்கலாமா, போர் தண்ணீரிலும் கட்டிச் சோப்பிலும் துவைத்துத் துவைத்து அதன் இறுக்கம் எவ்வளவு தளரும் என்பவையெல்லாம் பின்னல்காரன் தீர்க்க வேண்டிய பிரச்சினைகள். கைட்டோசான்காரருக்கு இவற்றில் வேலை இல்லை. முதல் நாள் கணுக்காலில் 40 காட்டிய காலுறை இருபதாம் சலவைக்குப் பிறகு எவ்வளவு காட்டுகிறது என்ற எண்ணை உறையின்மேலேயே அச்சிட்டு விற்க ஒரு கம்பெனி முன்வருமானால், பையர் கேட்டார் என்பதற்காக ஒவ்வொரு ரோலிலும் துண்டு வெட்டித் துவைத்துச் சுருக்கம் அளந்து எழுதிக்கொண்டிருக்கும் இந்த ஊருக்கு அந்த வேலை நாளைக்கே தொடங்கக்கூடியது.